மார்கழியிலயாவது ஓட விடுங்கய்யா!

ஜூன்ல 5.45-க்கெல்லாம் பளிச்சுன்னு விடிஞ்சிடும். ஜனவரி பொறந்தா சென்னையில சூரியன் தலைகாட்டவே 6.30 ஆயிடுது. இருட்டுல பள்ளம் மேடு தெரியாம காலை உடைச்சுக்க வேண்டாமேன்னு 5 மணி ஓட்டத்தை 6.15-க்குத் தள்ளி வச்சேன். அதுதான் தெருத்தெருவா குப்பையைக் கொளுத்துற நேரம்!

பெருக்கிக் குவிக்க வேண்டியது, தீக்குச்சியைக் கிழிச்சுப் போட வேண்டியது. காய்ஞ்ச இலையோட பால் கவர், தெர்மாகோல், பிஞ்ச செருப்பு எல்லாம் சேர்ந்து எரியுது. நேத்து என் கண்ணெதிர்லயே ஒரு நீல பிளாஸ்டிக் குடம் உருகி, சொட்டுச் சொட்டா நெருப்பாவே ஒழுகுச்சு. வெயில் காலத்துலயாவது புகை மேல ஏறிப் போயிடும். இப்போ தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கிடக்கு, அதுக்கு மேல கதகதப்பான காத்து மூடி போட்டாப்ல உக்காந்திருக்கு. புகை எங்க போகும்? வாயைத் திறந்து மூச்சு வாங்கி ஓடுறவன் நெஞ்சுக்குள்ளதான் போகும். வீட்டுக்கு வந்து துப்பினா எச்சில் கறுப்பா வருது.

7.30-க்கு ஓடலாமா? ஸ்கூல் வேன், தண்ணி லாரி. சாயங்காலம்? 6 மணிக்கெல்லாம் பொழுது சாயுது, வாயைத் திறந்தா கொசு.

வருஷத்துல நிம்மதியா ஓடுற மாதிரி குளுகுளுன்னு இருக்கிறதே இந்த ரெண்டு மாசம்தான். மே மாசம் பூரா வெந்து வெந்து ஓடினது இதுக்காகத்தானே? அதையும் புகைக்குத் தாரை வார்க்கணுமா? இதுல போகி வேற வருது. எதிர்வீட்டுத் திண்ணையில இப்பவே ரெண்டு டயர் எடுத்து வச்சிருக்காங்க.