விலையைக் கேட்டுச் சிரித்தால் அடுத்த பிள்ளை பொய் சொல்லும்

குழுக்களில் சுற்றும் அந்த வாய்ஸ் நோட்டை எல்லாரும் கேட்டாயிற்று. டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு, புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, தான் வாங்கிய நாய்க்குட்டியின் விலையை ஒரு பெண் சொன்னது, அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்று பெரியப்பா பேசியது, பின்னால் கேட்ட சிரிப்பு. மறுபடி நான் அதை எழுதப்போவதில்லை.

அந்தப் பெண் செய்தது ஒன்றுதான். சொந்தச் சம்பளத்தில் முப்பதாயிரம் ராண்ட் கொடுத்து ஒரு பிரெஞ்ச் புல்டாக் குட்டி வாங்கினாள், வாங்கியதை வீட்டாரிடம் உள்ளபடி சொன்னாள். உண்மையைச் சொன்னதற்கு ஊரே சிரித்தால், அடுத்துக் குட்டி வாங்கும் பிள்ளை "கூட்டாளி சும்மா குடுத்தான்" என்றுதான் சொல்லும். பலர் இப்போதே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பொய்யால் கஷ்டப்படுவது குட்டி.

எப்படி என்று கேளுங்கள். சும்மா கிடைத்தது என்று சொல்லிவிட்டால் குட்டியோடு வந்த காகிதங்களையும் மறைக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் விற்றவர் பெயர் இருக்கும், ஆகவே அட்டை எங்கோ துணிக்கு அடியில் போய்விடும். அடுத்த ஊசி என்றைக்கு என்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. 6 முதல் 8 வாரத்தில் போடுவது முதல் ஊசி மட்டும்தான். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை அது தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தையே வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு தவணையை விட்டுவிட்டால் அந்த இடைவெளியில் பார்வோ என்ற வைரஸ் நோய் வரலாம். வாந்தி, ரத்தத்தோடு பேதி, சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். குட்டி போன பிறகும் அந்த வைரஸ் முற்றத்தில் பல மாதம் இருக்கும். சிமெண்டுத் தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஜிக் (ப்ளீச்) ஒரு பங்கு, தண்ணீர் 20 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். புல் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே ஊசி முழுதும் போடாத இன்னொரு குட்டியை விடவே கூடாது.

ரசீதையும் மறைத்துவிடுகிறார்கள். வியாபாரமாகக் குட்டி விற்பவரிடம் வாங்கி, பிறவிக் குறை தெரியவந்தால், தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. ரசீது இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

இன்னொன்று, பகலில் வீட்டில் இருப்பது யார்? வேலைக்குப் போகும் பிள்ளை இல்லை, பாட்டி, நம் ஆயாதான். குட்டிக்குச் சாப்பாடு போடுவது, அது எதைக் கடித்தது, எத்தனை முறை வெளிக்குப் போனது என்று பார்ப்பது எல்லாம் அவர்தான். அவரிடம் பொய் சொல்லிவிட்டு எப்படி விவரமாகச் சொல்லிக்கொடுப்பது? சும்மா வந்த நாய்க்கு மீந்த குழம்பு போதும் என்று அவர் நினைத்தால் அவர்மேல் என்ன தப்பு? நம் குழம்பில் வெங்காயம் இல்லாத நாள் உண்டா? நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். மூன்று கிலோக் குட்டிக்கு அது வெறும் 45 கிராம். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பூண்டும் அப்படித்தான். வெந்த ஆட்டெலும்பு கூராக உடைந்து குடலில் குத்தும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புரட்டாசியில் வீட்டுக்குள் இறைச்சி கூடாதே என்ற கவலை நியாயமானது, அதற்கும் வழி இருக்கிறது. உலர் தீனியைத் தனி டப்பாவில், தனிக் கிண்ணத்தோடு, பின்வாசலில் வையுங்கள். விரதத்துக்காக ஒரே நாளில் தீனியைச் சோறும் பருப்புமாக மாற்றினால் குட்டிக்கு வயிறு போகும். எந்தத் தீனி மாற்றமானாலும் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, நான்கு மாதத்தில் மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு.

"எங்க காலத்துல நாய்க்கு யாரு ஊசி போட்டா? மீலி மீலும் (சோள மாவு) குழம்பும் தின்னு பத்து வருஷம் இருந்துச்சு" என்று எழுதுவீர்கள். பத்து வருஷம் இருந்த நாயை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் போன நாய்கள் எத்தனை? "ஏதோ சாப்பிட்டுச்சு போல, படுத்தது எந்திரிக்கல" என்றுதானே சொன்னார்கள். நம் நேட்டால் மாகாணத்தில் அப்படிப் படுத்த நாய்களில் பலவற்றுக்குப் பிலியரி வந்திருக்கும். உண்ணி கடித்துப் பரவும் நோய் அது, ரத்த அணுவுக்குள் போய் உடைக்கும். ஈறு வெளுக்கும், காய்ச்சல் அடிக்கும், தீனி வேண்டாம் என்னும், சிறுநீர் தேநீர் நிறத்தில் வரும். வெயில் ஏற ஏற உண்ணியும் ஏறும், இப்போதுதான் அந்தக் காலம் தொடங்குகிறது. தினமும் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. இதை ஆயாவுக்கும் காட்டிக்கொடுங்கள், பகலில் அவர்தானே பார்ப்பார்.

விலையைக் கேட்கவே கூடாதா என்றால், கேளுங்கள். எதற்கு அந்த விலை என்று கேளுங்கள். இந்த வகை நாய்க்குத் தலை பெரிது, இடுப்பு குறுகல், அதனால் பெரும்பாலும் அறுவை செய்துதான் குட்டி எடுக்கிறார்கள். ஓர் ஈற்றில் குட்டிகளும் குறைவு. குட்டி போடவைத்து விற்கும் நல்ல பிரீடர் ஒருவரின் செலவில் பெரும் பங்கு அங்கே போகிறது. ஆனால் அதே விலைக்கோ அதைவிட அதிகத்துக்கோ "அபூர்வ நிறம்" என்று நீலமும் மெர்லும் (திட்டுத் திட்டான நிறம்) விற்கிறார்கள். அந்த நிறங்களை இந்த இனத்தின் தர விதியே ஏற்பதில்லை. மெர்லோடு மெர்ல் சேர்த்தால் காது கேளாத, கண் தெரியாத குட்டிகள் பிறக்கும். கூசா என்ற நாய் இனப் பதிவுச் சங்கத்தின் பதிவுத்தாள் இருக்கிறது என்பார்கள். அது குட்டியின் பெற்றோர் யார் என்று சொல்லும், ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் தராது. வாங்கிய பிள்ளையிடம் இவற்றையும் கேளுங்கள்: தாயை நேரில் பார்த்தாயா, மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, குட்டிக்கு எட்டு வாரம் ஆயிற்றா, குடல்பூச்சி மருந்து எத்தனை முறை கொடுத்தார்கள், பணம் கட்டும் முன் குட்டியைக் கையில் எடுத்தாயா. கடைசிக் கேள்வி முக்கியம். படம் மட்டும் அனுப்பி முன்பணம் வாங்கி, பிறகு கூரியர், பெட்டி, காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டு மறைந்துபோகும் கூட்டம் பெரிது. ஏமாந்த பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் அழுகிறார்கள். ஏன் சொல்வதில்லை என்று இந்த வாய்ஸ் நோட்டைக் கேட்ட எவருக்கும் தெரியும்.

அந்த மேசையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்றும் இருந்தது. டர்பன் வெக்கையில் இந்தச் சப்பை மூக்கு நாய் தாங்குமா? அதை ஒருவரும் கேட்கவில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் நாக்கிலிருந்து ஆவியாவது குறையும். மூச்சுப்பாதையும் குறுகலாக இருந்தால் இரைப்பதே இன்னும் சூட்டைக் கூட்டும். இங்கே கோடையான ஜனவரி, பிப்ரவரியில் இவற்றைக் காலை ஏழு மணிக்கு முன் மட்டும் நடத்த வேண்டும், கழுத்துப் பட்டை கூடாது, மார்புக் கச்சைதான். எடை ஏறவிடக் கூடாது. குறட்டையும் கரகரப்பும் அழகு என்று படம் எடுத்துப் போடாதீர்கள், அது காற்றுக்குத் திணறும் சத்தம். நாக்கு நீலம் பாய்ந்தால், கால் தடுமாறினால், அங்கேயே உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி மின்விசிறியை வைத்துக் குளிரவையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். இதை யாராவது அந்தப் பெண்ணிடம் சொன்னார்களா? முப்பதாயிரத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தச் சோற்றுக் கணக்குக்கு என் பதில் சின்னது. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும்போதும் வண்டிக்கு அலாய் சக்கரம் மாட்டும்போதும் அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கும்போது மட்டும் போடுகிறார்கள். எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்தில் எத்தனையோ நாய்கள் காத்திருக்கின்றனவே என்பவர்களுக்கு: உண்மைதான், அங்கே போய் எடுங்கள், நல்லது. ஆனால் வாங்கி வந்துவிட்ட குட்டியின் முன் நின்று அதைச் சொல்வதால் எந்தக் குட்டிக்கும் பலன் இல்லை.

இப்போது நான் சும்மா விட முடியாத விஷயம். வெறிநாய்க்கடி. 1976-இல் மொசாம்பிக் பக்கமிருந்து வட நேட்டாலுக்கு மறுபடி நுழைந்த நோய் இன்றும் குவாசுலு-நேட்டாலில் இருக்கிறது. இந்த நோய்க்கான தனித் தடுப்பூசி இங்கே நாய்க்குச் சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அரசுக் கால்நடைத் துறை முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். குட்டி யாரையாவது பல் படக் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே நர்ஸ் முதலில் கேட்பது, நாய்க்கு ஊசி போட்டதா, எங்கிருந்து வந்தது. "சும்மா வந்தது, தெரியாது" என்று ஆயா சொன்னால் என்ன ஆகும்? அறிகுறி தெரிந்தபின் இந்த நோய்க்கு மருந்து இல்லை. இங்கேதான் விலைப் பொய் மனித உயிர்வரை வந்து நிற்கிறது. இதற்குமேல் நான் எப்படிச் சொல்வது?

வாய்ஸ் நோட்டை இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு. அதில் நாயின் இனம் இருக்கிறது, விலை இருக்கிறது, எந்த ரோடு என்பதும் இருக்கிறது. இந்த வகைக் குட்டிகளைத் திருடி விற்கிறார்கள். வீட்டுக்குள் சொன்ன விலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது நீங்கள். பகலில் அந்த வீட்டில் ஆயா தனியாக இருக்கிறார். உங்கள் குழுவிலிருந்து இன்றைக்கே அதை அழியுங்கள், அனுப்பிய இடங்களிலும் அழிக்கச் சொல்லுங்கள்.

தங்கச்சி, இதைப் படித்தால்: குட்டியின் தோலுக்கு அடியில் வைத்த மைக்ரோசிப்பில் 15 இலக்க எண் இருக்கும். அது இன்னும் விற்றவர் பெயரில்தான் பதிவாகி இருக்கிறதா என்று பார், உன் பெயருக்கு மாற்று. இரண்டாவது தொலைபேசி எண்ணாக ஆயாவுடையதைக் கொடு. தடுப்பூசி அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டு. வெறிநாய்க்கடி ஊசிக்கு, குட்டிக்கு மூன்று மாதம் ஆகும் தேதியை அதிலேயே பெரிதாக எழுதிவை.