ஆர்க்டிக் கடல் வரை காபட் (தார்) வீதியா?

"கனடாவில் ஆர்க்டிக் கடல் வரை காபட் வீதி, ஆண்டு முழுவதும் திறப்பு, வழியெங்கும் பெற்றோல்." ஹட்டன், நுவரெலியா பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பெரும்பாலும் தவறு. கனடாவில் உறவினர் இருக்கும் வீடுகளில் பயணத் திட்டமே போடத் தொடங்கிவிட்டார்கள்!

செய்தியை எழுதியவர் இரண்டு வீதிகளைக் குழப்பியிருக்கிறார். 1942இல் அமைக்கப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை தார் வீதிதான், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆனால் அது கடலுக்குப் போவதில்லை. கடலை நோக்கிப் போவது, வடமேற்குக் கனடாவின் டோசன் நகருக்கு அருகே பிரியும் டெம்ஸ்டர் நெடுஞ்சாலை. இனுவிக் நகர் வரை சுமார் 736 கிலோமீற்றர்; அங்கிருந்து கடலோர டக்டோயாக்டக்கிற்கு 2017இல்தான் வீதி திறந்தது.

இந்த வழி ஏறக்குறைய முழுவதும் சரளைக்கல். தார் போடாதது சோம்பலால் அல்ல: அடியில் இருப்பது நிரந்தரமாக உறைந்த மண். அது உருகினால் வீதியே அமிழ்ந்துவிடும் என்பதால், தடித்த சரளைப் படுக்கையைக் கம்பளிபோல் விரித்திருக்கிறார்கள். நம் மலையில் மழை மண்ணைச் சரிக்கிறது, அங்கே வெப்பம்.

வழியில் குறுக்கிடும் பீல், மெக்கன்சி ஆறுகளைக் கோடையில் வாகனப் படகிலும் குளிர்காலத்தில் பனிக்கட்டியின் மேலும் கடக்கலாம். ஆறு உறையும், உடையும் வாரங்களில் இரண்டும் கிடையாது. பெற்றோலோ, தொடக்கத்திலிருந்து வழியிலுள்ள ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடம் வரை சுமார் 369 கிலோமீற்றருக்கு இல்லை. கொழும்பு–யாழ்ப்பாணத் தூரத்துக்குச் சற்றே குறைவு. மேலதிக டயர் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு வேண்டும்.