உருது ஒலிக்கும் ஊர் ஒன்று, மாநிலம் வேறு

தமிழ்ப் படங்களில் முஸ்லிம் பாத்திரங்கள் உருது கலந்த உடைந்த தமிழில் பேசுவது இயல்புதான், தமிழ்நாட்டு முஸ்லிம்களின் தாய்மொழியே உருதுதானே என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

நண்பருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது புரிகிறது. நானும் வேலூர்க்காரன்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கடைத்தெருவில் நடந்தாலே உருது காதில் விழும். ஆனால் நம் பகுதியை வைத்து மாநிலம் முழுவதையும் அளக்க முடியாது. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வீட்டுப் பேச்சே தமிழ்தான்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் 2011ஆம் ஆண்டின் இரண்டு அட்டவணைகளைத் திறந்து பாருங்கள்: மதத்துக்கு சி-1, தாய்மொழிக்கு சி-16. மாநில மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு, உருதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1.75 விழுக்காடு. உருது பேசும் அத்தனை பேரும் முஸ்லிம்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை.

மாவட்ட வாரியாகவும் பார்க்கலாம். அதில் வேலூர் என்று இருப்பது பழைய மாவட்டம். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல்தான் பிரிந்தன. அந்த இரண்டையும் தனியாகத் தேடி அலைய வேண்டாம்.