காலுக்குப் பணம் கட்டிய கார்டு வயிற்றுக்குக் கட்டாதா?

போன மாதம் கோயில் திருவிழாவில் அண்ணனைப் பார்த்தவர்கள் நிறைய பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என்னம்மா இப்படி இளைச்சிட்டாரு? ஏதும் கெட்ட வியாதியா?" சிலர் கேட்கக்கூட இல்லை, அவர்களே ஒரு வியாதியை முடிவு செய்துகொண்டு போய்விட்டார்கள். அண்ணனிடம் சொன்னேன். "எழுதிடு. நாலு பேருக்கு உதவும்" என்றார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணனுக்கு எடை குறைப்பதற்காக வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அழகுக்காகச் செய்துகொண்டது இல்லை. பிள்ளைகளுக்கு அப்பாவாக இன்னும் இருபது வருடம் இருக்க வேண்டும் என்று செய்துகொண்டது.

எங்கள் அப்பா அம்மா இருவரும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா ஒரு காலையில் ஐந்நூறு மரத்துக்கு நடந்து போய்ப் பால் வெட்டுவார். அண்ணன் பத்தொன்பது வயதில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் ஏறினார், இன்றைக்கும் அதே வேலைதான். அப்பா சாப்பிட்ட அதே சோறு, கட்டிப்பால் ஊற்றிய அதே டீ. ஆனால் அப்பா நடந்த நடை அண்ணனுக்கு இல்லை. மில்லில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

2022 கடைசியில் அவர் எடை 136 கிலோ. உயரம் 170 சென்டிமீட்டர். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. 47. காலையும் இரவும் இன்சுலின். அதைவிட எங்களைப் பயமுறுத்தியது தூக்கம். குறட்டை திடீரென்று நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். அண்ணி எழுந்து உட்கார்ந்து தோளைப் பிடித்து உலுக்குவார். பல வருடமாக அண்ணி ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை. ஒருநாள் மத்தியானம் கோலகங்சார் ரோட்டில் அண்ணன் கண் அசந்துவிட்டார். லோரி ஓரத்துக் கால்வாயில் இறங்கி நின்றது. கடவுள் புண்ணியத்தில் எதிரே யாரும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் தூக்கப் பரிசோதனைக்குப் போனார். மணிக்கு 58 தடவை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. முப்பதைத் தாண்டினாலே கடுமையான நிலை என்று டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டர்தான் இந்த ஆபரேஷனைப் பற்றி முதலில் பேசினார். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் விலை கேட்டோம். 36,800 வெள்ளி (ரிங்கிட்). மருத்துவக் காப்புறுதி கார்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம்.

இந்தக் கார்டைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 2011-லிருந்து அண்ணன் மாதாமாதம் தவறாமல் கட்டி வருகிறார். கூட்டிப் பார்த்தேன், அதுவரைக்கும் 26 ஆயிரம் வெள்ளிக்கு மேல். 2021-இல் வலது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவருக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு நாள் வார்டு, கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். பில் 21,400 வெள்ளி. பில்லைக் கம்பெனி கட்டும் என்ற கேரண்டி லெட்டர் இரண்டு மணி நேரத்தில் வந்தது. ஏன், எதற்கு, உடம்பை ஏன் இப்படி வைத்திருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதே கார்டு, அதே கம்பெனி, அதே அண்ணன். இந்த முறை ஒரு பக்கக் கடிதம் வந்தது. எடை குறைப்பு சிகிச்சை இந்தத் திட்டத்தில் இல்லை. முடிந்தது.

அன்று இரவு சமையலறை மேசையில் பாலிசிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கணக்கு வேலை பார்க்கிறவள், சின்ன எழுத்து படித்துப் பழக்கம். விலக்குகள் என்று ஒரு பட்டியல். அழகு சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, பல், அதற்கு அடுத்த வரியில் உடல் எடை குறைப்பு. ஒரே வரி. எந்த எடை, என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார் என்ற எந்த நிபந்தனையும் கிடையாது. இரண்டு கிலோ குறைக்க மாத்திரை வாங்குகிறவருக்கும், ராத்திரி மூச்சு நின்றுபோகிற என் அண்ணனுக்கும் அந்த ஒரே வரிதான்.

எனக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. விரலை வெட்ட அந்தக் கார்டு பணம் தந்தது. நாளைக்கு இருதயத்தில் அடைப்பு என்றால் பைபாஸுக்குத் தரும். சிறுநீரகம் போனால் டயாலிசிஸுக்குத் தரும். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்க வேண்டிய அந்த வாழ்க்கைக்குப் பணம் உண்டு. அது வராமல் தடுக்கக் கூடிய ஒரு ஆபரேஷனுக்கு மட்டும் இல்லை. உடம்பு கெடும்வரை காத்திரு, கெட்ட பிறகு வா என்று சொல்வது என்ன காப்புறுதி?

"வாயைக் கட்டினா போதாதா?" என்று சொந்தத்திலேயே சொன்னார்கள். சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அண்ணன் வாயைக் கட்டாமலா இருந்தார்? 2019-இல் எட்டு மாதம் ராத்திரிச் சோற்றை விட்டார், வேலை முடிந்து பள்ளித் திடலில் நடந்தார். 14 கிலோ குறைந்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில் 17 கிலோ திரும்பி வந்தது. இவ்வளவு எடை ஏறிய உடம்பு அந்த எடையைக் காப்பாற்றத்தான் பார்க்கும். குறைத்தால் பசி கூடும், உடம்பு எரிக்கும் சக்தி குறையும். அண்ணன் செய்துகொண்ட ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால் பசியே மாறுகிறது. வைராக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பசியோடு வருடக்கணக்கில் சண்டை போட முடியாது.

அதற்காக இதை மந்திரம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் இனிப்புநீர் உள்ள 150 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், ஐந்து வருட முடிவு 2017-இல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (எச்.பி.ஏ.1சி.) 6-க்கோ அதற்குக் கீழோ கொண்டு வந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. ஸ்லீவ் செய்தவர்களில் 23, இரைப்பை பைபாஸ் முறையில் செய்தவர்களில் 29. எல்லாருக்கும் சரியாகிவிடவில்லை, பாருங்கள். ஆனால் ஐந்துக்கும் இருபத்து மூன்றுக்கும் உள்ள தூரம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது!

இது நம் வீட்டுப் பிரச்சினை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இங்குள்ள இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. எடை விஷயத்திலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்த நோய்கள் வருவதால்தான் ஆபரேஷனுக்கான அளவையும் நமக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இங்கே வெகுகாலமாகச் சொல்லி வரும் கணக்கு பி.எம்.ஐ. 37.5, இனிப்புநீர் மாதிரி நோய் இருந்தால் 32.5. அண்ணன் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டார்.

எல்லாருக்கும் கொடுத்தால் பிரீமியம் ஏறாதா என்று ஏஜண்டு கேட்டார். நியாயமான கேள்வி. 2024 கடைசியில் பிரீமியம் ஏறிய ஏற்றத்தில் எத்தனை பேர் கார்டையே விடப் பார்த்தார்கள்! மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு அந்த ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் நான் எல்லாருக்கும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நிபந்தனை வையுங்கள், கதவை மட்டும் மூடாதீர்கள் என்கிறேன். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அப்படித்தான் செய்திருக்கிறது. டாக்டரின் பரிந்துரை வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத நீரிழிவு, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இருதய நோய் மாதிரி ஒன்று இருந்து, மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இதற்குள் வராதவர்களைத்தான் விலக்கலாம். சிங்கப்பூரிலும் மருத்துவக் காரணம் இருந்தால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தை இதற்கு எடுக்கலாம். பக்கத்து நாட்டில் முடிகிறது.

பலர் கூட்டாகப் பணம் போட்டு, அவர்களில் ஒருவர் விழும்போது தூக்குவதுதானே காப்புறுதி? நம் ஊருக்கு இது புதிதில்லை. அமைச்சராக இருந்த நம் சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்ட மக்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்கினார். அந்தச் சங்கத்தில் தாத்தாவின் பாஸ்புக் இன்னும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

சரி, பணத்துக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். தனியாரை விட்டுவிட்டு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஆரம்பித்தோம். அங்கிருந்து ஈப்போ, ஈப்போவிலிருந்து கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை. 2023 மார்ச்சில் கடிதம் வாங்கினோம், 2024 ஜூலையில் ஆபரேஷன். பதினாறு மாதம். நடுவில் உணவு ஆலோசகர், மனநல டாக்டர், மயக்க மருந்து டாக்டர் என்று எத்தனையோ பஸ் பயணம். கடைசி இரண்டு வாரம் ஈரல் சுருங்குவதற்காகப் பெரும்பாலும் பால் பானம் மட்டும்.

பில் 13,200 வெள்ளி. அதில் 7,900 வெள்ளி ஸ்டேப்ளருக்கு. ஆமாம், இரைப்பையை வெட்டிக்கொண்டே தைக்கும் கருவியும் அதில் போடும் முள் பெட்டிகளும். ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிவது, அந்தச் செலவு நம்முடையது. இதை யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் ஐந்து வெள்ளி பத்து வெள்ளியோடு முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். முதல் சந்திப்பிலேயே, கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

2024 மே மாதம் கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதியில், வேண்டும்போது பணம் எடுக்கக்கூடிய அக்கவுன் ஃபிலெக்சிபல் வந்தது, அதில் அண்ணன் 2,200 எடுத்தார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய் 4,500 வந்தது. லோரி முதலாளி 3,500 கடன் கொடுத்தார், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். மீதி 3,000 நான் போட்டேன். சங்கிலியைப் போன தீபாவளிக்கு முன்னால் மீட்டுவிட்டோம். கிரெடிட் கார்டில் தேய்த்துவிடலாமா என்று அண்ணன் கேட்டபோது நான் விடவில்லை. வருடத்துக்கு 18 விழுக்காடு வரை வட்டி. ஆபரேஷன் ஆறினாலும் அந்தப் புண் ஆறாது.

இன்னொரு யோசனையும் வந்தது. "ஹெர்னியான்னு எழுதி அனுப்பிடலாம், யாருக்குத் தெரியும்?" தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பொய் தெரிந்தால் அந்தக் கிளெய்ம் மட்டும் போகாது, பாலிசியே செல்லாமல் போய்விடும். பன்னிரண்டு வருடம் கட்டியது வீண். கோபத்தில் பழைய கார்டை நிறுத்துவதும் அதே மாதிரிதான். இனிப்புநீர் வந்த பிறகு புதுக் கார்டு யார் தருவார்கள்? அப்புறம் ஒன்று, ஆபரேஷனால் பின்னால் கசிவோ இரத்தப்போக்கோ வந்தால் கார்டு கட்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அதற்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது. அதனால் அவசரத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனோம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நான் பக்கத்தில் இருந்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) மருந்து ஊற்றும் குட்டிப் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முப்பது மில்லி. அதை மெதுமெதுவாகக் குடிக்கச் சொன்னார். ஒரே மூச்சில் ஒரு மக்கு ஐஸ் டீ குடிக்கிற மனிதர், அந்தக் கப்பை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு உறிஞ்சி உறிஞ்சி அரை மணி நேரம் குடித்தார். கண்ணில் தண்ணீர். வலியா என்று கேட்டேன். "இல்ல தங்கச்சி, போதும்னு தோணுது. எனக்கு இப்படித் தோணி எத்தனை வருஷமாச்சு" என்றார்.

இப்போது 91 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு மாத்திரை மட்டும் போகிறது. முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. விட்டமின், இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், இரத்தப் பரிசோதனைக்கும் விடாமல் போக வேண்டும். அண்ணி ராத்திரியில் தூங்குகிறார்.

காப்புறுதி கம்பெனி மறுத்தால் புகார் செய்ய நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவை இருக்கிறது, நம்மிடம் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் பாலிசியில் உள்ள வரியை வைத்துத்தான் அவர்கள் பார்ப்பார்கள். வரியே அப்படி இருக்கும்போது என்ன வாதாடுவது? அதனால் மாற வேண்டியது அந்த வரிதான். பேங்க் நெகாராவும் சுகாதார அமைச்சும் சேர்ந்து அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றை வகுத்து வருகிறார்கள். அதில் இந்த ஆபரேஷனை நிபந்தனையோடு சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மலாய் மொழியில் இரண்டு பக்கம், அண்ணனின் இரண்டு பில்களையும் இணைத்திருக்கிறேன், விரலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். உங்கள் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.