அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தாலே எச்.ஐ.வி. பரிசோதனை ஆகிவிடாது

“விபத்தில் அடிபட்டு அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்களா? எச்.ஐ.வி.யும் அதிலேயே பார்த்திருப்பார்கள். ஒன்றும் சொல்லவில்லையென்றால் உங்களுக்கு இல்லை.” தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. நம்பியவரின் உயிருக்கே உலை வைக்கும் தவறு.

ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் அணுக்களை எண்ணுவதற்கு. சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு. இரண்டும் எச்.ஐ.வி.யைக் காட்டா. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி உங்கள் ஒப்புதலும் வேண்டும். யாரும் கேட்கவில்லையா? செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறியே இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் இருக்கக்கூடிய தொற்று இது. அமெரிக்காவின் பால்டிமோரில் அவசரப் பிரிவு நோயாளிகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது அதுவரை கண்டறியப்படாமலே இருந்தது.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்குமென உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியம். தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று தயங்கும் கும்பகோணத்துக்காரர் தாராளமாகத் திருவாரூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ பஸ் ஏறலாம். அண்மையில் தொற்றியிருக்கலாம் என்ற ஐயமிருந்தால், உடனே ஒருமுறையும் 3 மாதம் கழித்து மறுமுறையும் பாருங்கள். தொற்று உறுதியானால், அதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசமே. கட்டணமில்லா உதவி எண் 1097.