கடைசி ரெண்டு மந்திரம் எங்க?

நேத்து ஒரு கேள்வி கேட்டதுக்கு எங்க ஃபேமிலி குரூப்லேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்க. இங்க பாதி பேருக்குத் தெரியும், அதனால முதல்லேர்ந்து சொல்லல. பிரபஞ்சம் எப்படி ஆரம்பிச்சதுன்னு விஞ்ஞானம் சொல்ற பிக் பேங் அப்படியே ரிக் வேதத்துல இருக்குன்னு குரூப்ல ஒரு கார்டு வந்துச்சு. அதுல இருந்தது நாஸதீய சூக்தம், படைப்பைப் பத்தின பாட்டு, பத்தாம் மண்டலம், 129. மொத்தம் ஏழு மந்திரம், கார்டுல அஞ்சுதான். கடைசி ரெண்டும் எங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

இந்தப் படைப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கு நிஜமாத் தெரியும், தேவர்களே இதுக்கு அப்புறம் வந்தவங்கதானேன்னு ஆறாவது கேக்குது. ஏழாவது அதுக்கும் மேல போகுது. உச்சி வானத்துலேர்ந்து இதைப் பாத்துக்கிட்டிருக்கிறவனுக்குத் தெரியும், இல்ல அவனுக்கும் தெரியாதோ என்னவோ. ‘யதி வா ந வேத’. அதோட முடிஞ்சுடுது.

இதைச் சொன்னதுக்கு ‘சாமிக்கே தெரியாதுன்னு பேசற அளவுக்கு வந்துட்டியா’ன்னாரு பெரியப்பா. பெரியப்பா, அது நான் சொன்னதில்ல. வேதம் சொன்னது.

தாத்தா எனக்கு இதை நாற்பது பக்க நோட்டுல எழுத வெச்சாரு. தமிழ் எழுத்துதான், க, த, ப மேல சின்னதா 2, 3, 4 போட்டு. ஒரு நம்பர் மாறினாலும் அழிச்சுட்டு மறுபடி எழுதணும். ‘இருட்டை இருட்டே மூடியிருந்தது’ன்னு மூணாவதுல வரும், அங்க வந்தா கொஞ்ச நேரம் பேச மாட்டாரு. அப்போ சாமிக்கும் தெரியாதா தாத்தான்னு கேட்டேன். ‘சொன்ன ரிஷியே கேட்டுட்டு நிறுத்திட்டாரு, நான் என்னம்மா சொல்ல’ன்னாரு. அவரு தினமும் ரெண்டு வேளை பூஜை பண்ணினவரு, அவரை யாரும் நாத்திகன்னு சொல்லல.

நம்ம பசங்க பெருமைப்பட்டா உனக்கென்னன்னு கேக்கறீங்க. எனக்கும் பெருமைதான், உங்களை விட அதிகமாவே. ஆனா என் பெருமை அந்தக் கடைசி ரெண்டு மந்திரத்துலதான் இருக்கு, அதைத்தான் வெட்டிட்டீங்க. பிரபஞ்சத்தோட வயசுக்கு 432 கோடி வருஷம்னு நம்ம கணக்கு இருக்கேன்னா, அது பிரம்மாவோட ஒரு பகல், புராணத்துல வர்றது, இந்த சூக்தத்துல இல்ல. பிரபஞ்சத்துக்கு விஞ்ஞானிகள் சொல்ற வயசு சுமார் 1380 கோடி. அதே பத்தாம் மண்டலத்துல 121-ஆவது சூக்தத்துல எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பொன் கரு வருது, 90-ல புருஷனைப் பலி கொடுத்து உலகம் உண்டாகுது. சாந்தோக்ய உபநிஷத்துல உத்தாலகர்ங்கற ரிஷி தன் பையன்கிட்ட ஆரம்பத்துல இருந்தது ‘சத்’துதான், அதாவது இருக்கறதுதான், இல்லாததுலேர்ந்து எப்படிடா இருக்கறது வரும்னு கேக்கறாரு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க, யாரும் யாரையும் குரூப்லேர்ந்து தூக்கல.

எல்லாமே கட்டுக்கதைதானேன்னு வர்றவங்களுக்கு, முதல்ல ஏழையும் படிச்சுட்டு வாங்க.

சமஸ்கிருதம் தெரியுமா உனக்குன்னு கேட்ட அண்ணனுக்கு, கொஞ்சம்தான் தெரியும். ஆனா ஏழு வரைக்கும் எண்ணத் தெரியும். தூக்கினதைக்கூட விடுங்க, அப்பா எல்லாத்தையும் படிச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம இருந்தாரு பாருங்க, அதுதான் ராத்திரி பூரா தூங்க விடல. அந்த நோட்டு அவரு பீரோலதான் இருக்கு.

என்னைத் திரும்ப சேக்க வேண்டாம். நோட்டோட கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து முதல் கமெண்ட்ல போட்டிருக்கேன், கார்டை இனிமே அனுப்பறவங்க அதையும் சேத்து அனுப்புங்க.