ஃபிரிட்ஜ் பிடித்த பஞ்சமம்

(பாளையங்கோட்டையில் ஒரு வீடு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஐந்து மணிக்குத்தான் திரும்புவார்கள். கூட்டுறவுச் சங்க எழுத்தர் கதிரேசன் உள்ளறையில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை நாற்காலிகள் மேல் நிமிர்த்தி வைத்து, நடுவில் மைக்கோடு நிற்கிறார். சன்னலை ஜமக்காளம் மூடியிருக்கிறது. அவருடைய அக்காள் கணவர் சுப்பையா, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் செய்தித்தாளோடு எட்டிப் பார்க்கிறார்.)

சுப்பையா: என்ன மாப்பிள்ளை, மெத்தையில் மூட்டைப்பூச்சி தேடுகிறீரா?

கதிரேசன்: பாட்டுப் பதிவு செய்கிறேன் அத்தான். பேத்திக்குத் தாலாட்டு. சொந்த வரி, சொந்த மெட்டு, நீலாம்பரி ராகம்.

சுப்பையா: ஓசூரில் இருக்கிற பிள்ளையைத் தூங்கவைக்க இங்கே மெத்தையை எழுப்பி நிறுத்தியிருக்கிறீராக்கும்.

கதிரேசன்: குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரக்கூடாது. இலவம்பஞ்சு சத்தத்தைக் குடித்துவிடும். முதலில் முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தேன். ஒரு பயனும் இல்லை, பூனைதான் வந்தது. பிறகு பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுப் பாடினேன். இரும்பு பீரோ அல்லவா, கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. வந்ததுதான் வந்தீர்கள், அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

சுப்பையா: இந்தப் புழுக்கத்திலா? சரி, பாட்டின் முதல் வரி என்ன?

கதிரேசன்: "தாமிரபரணிக் காற்றே, மெல்ல வீசு."

சுப்பையா: காற்றை வீசச் சொல்லிப் பாடப்போகிறவர், வீசுகிற காற்றை நிறுத்தச் சொல்கிறீர். (நிறுத்துகிறார்.) அது என்ன, மைக்குக்குப் பக்கத்துப் பெட்டியில் சிவப்பு விளக்கு?

கதிரேசன்: இது கண்டென்சர் மைக். 48 வோல்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்தப் பெட்டி கொடுக்கிறது.

சுப்பையா: 48 வோல்ட்டா! பழைய தொலைபேசிக் கம்பியிலும் அதே 48 வோல்ட்தான். தொட்டால் ஒன்றும் ஆகாது, பயப்படாமல் பாடும்.

கதிரேசன்: இன்னும் இல்லை. முதலில் இந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து விநாடி. "இதுதான் இந்த வீட்டு இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்டினால், பாட்டிலிருந்து அதை மட்டும் கழித்துவிடும். ஐந்தே விநாடி, யாரும் பேசக்கூடாது. சரியா?

சுப்பையா: இது ஒரு வேலையா? நான் மின்கம்பத்தின் மேல் மணிக்கணக்கில் பேசாமல் இருந்தவன்.

கதிரேசன்: ஆரம்பிக்கிறேன்.

(இரண்டு விநாடி.)

சுப்பையா: முடிந்ததா?

கதிரேசன்: அத்தான்!

சுப்பையா: சரி, சரி. மறுபடியும் போடும்.

(மூன்று விநாடி. செய்தித்தாள் புரளும் ஓசை.)

கதிரேசன்: பத்திரிகையைக் கீழே வையுங்கள்.

சுப்பையா: நான் பேசவில்லையே! இரங்கல் செய்திகளைத்தான் பார்த்தேன். அதை யாராவது சத்தமாகப் படிப்பார்களா?

(மூன்றாவது முறை. நான்கு விநாடி. சுப்பையாவின் முழங்கால் ஒருமுறை சொடுக்குகிறது. இருவரும் முழங்காலைப் பார்க்கிறார்கள்.)

சுப்பையா: இதற்கு நான் பொறுப்பில்லை. வாரியத்துக்கு முப்பத்து மூன்று வருடம் கொடுத்த முழங்கால்.

(ஏழாவது முறையில் ஐந்து விநாடி கிடைக்கிறது. கதிரேசன் பல்லவியைப் பாடிப் பதிவு செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறார். முகம் வாடுகிறது.)

கதிரேசன்: இது என் குரலே இல்லை அத்தான். மைக் கெட்டுப்போயிருக்கிறது. மூக்கடைத்த மாதிரி கேட்கிறது.

சுப்பையா: இங்கே கொடும். (கேட்கிறார்.) இது உம்முடைய குரல்தான். உம் குரல் உமக்குக் காது வழியாக மட்டுமா வருகிறது? மண்டை எலும்பு வழியாகவும் போய்க் கனமாகக் கேட்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. முப்பது வருடமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் குரலைத்தான்.

கதிரேசன்: அப்படியானால் என் கல்யாணத்தில் நான் பாடியதும்...

சுப்பையா: இதே குரலில்தான். அதை விடும். பின்னால் ஏதோ உறுமுகிறதே, அது என்ன?

கதிரேசன்: அதுதான் என் விதி. ஃபிரிட்ஜ். சமையலறை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே? அந்த உறுமலைக் கழிக்கத்தான் ஐந்து விநாடி கேட்டேன். இப்போது கழித்துக் காட்டுகிறேன், கேளுங்கள்.

சுப்பையா: உறுமல் போய்விட்டது. ஆனால் நீர் கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறதே. அதோடு, நடுவில் ஒரு சுவரத்தையும் காணோம்.

கதிரேசன்: பஞ்சமம்! ச ரி க ம ப-வில் வருகிற ப! பஞ்சமத்தில் வந்து நின்றால் மட்டும் குரல் மெலிந்துபோகிறது. நான் மெல்லப் பாடுகிறேன், தாலாட்டு அல்லவா? இரைச்சல் எது, என் பஞ்சமம் எது என்று அதற்குத் தெரியவில்லை.

சுப்பையா: எதற்கு இவ்வளவு வித்தை? ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்தால் தீர்ந்தது.

கதிரேசன்: போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

(சுப்பையா போய்த் திரும்புகிறார்.)

சுப்பையா: சுவிட்சின் மேல் பிளாஸ்திரி. அதில் "தொட்டால் தெரியும்" என்று தங்கச்சியின் கையெழுத்து.

கதிரேசன்: போன மாதம் பதிவுக்காக அணைத்தேன். போட மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் இரண்டு படி மாவு பொங்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றது.

சுப்பையா: தானாக நிற்குமே, அப்போது பாடலாம் அல்லவா?

கதிரேசன்: பதினெட்டு வருடத்து ஃபிரிட்ஜ், கதவு ரப்பர் தேய்ந்துவிட்டது. அரைமணி ஓடினால் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கும். என் பாட்டு ஆறு நிமிடம்.

சுப்பையா: ஒரு சரணத்தை வெட்டிவிடும்.

கதிரேசன்: எதை வெட்ட? முதல் சரணத்தில் பேத்தி பெயர் வருகிறது, இரண்டாவதில் சம்பந்தி பெயர் வருகிறது.

சுப்பையா: சம்பந்தியை வெட்டினால் வம்பு. அப்படியென்றால் கட்டையைப் பிடுங்கிவிடலாம்.

கதிரேசன்: நான் பாடுவதே ஒரு கட்டைச் சுருதியில். அதையும் பிடுங்கினால் எதில் பாடுவேன்?

சுப்பையா: ஐயா, நான் ஃபியூஸ் கட்டையைச் சொல்கிறேன்! சுவிட்சைத்தானே தொடக்கூடாது? மெயினைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை.

(வாசலுக்குப் போகிறார். டக் என்று ஒரு சத்தம். உறுமல் நிற்கிறது. வீடு முழுக்க அப்படி ஒரு நிசப்தம்; தெருமுனைக் குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கிறது. சுப்பையா ஃபியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதக்கம் வாங்கியவர் மாதிரி வருகிறார்.)

சுப்பையா: எப்படி? பாடும் இப்போது!

கதிரேசன்: எதில் பாட? மடிக்கணினி பேட்டரி போய் இரண்டு வருடம் ஆகிறது. மின்சாரம் போனதுமே இதுவும் அணைந்துவிட்டது. பாடிய பல்லவியைச் சேமிக்கவும் இல்லை.

சுப்பையா: பேட்டரிதான் இல்லை, ஒரு இன்வெர்ட்டராவது வாங்கி வைத்திருக்கலாமே?

கதிரேசன்: மின்வாரியத்தில் அத்தான் இருக்கும்போது எதற்கு இன்வெர்ட்டர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

(மௌனம். இதைப் பதிவு செய்ய ஆள் இல்லை. சுப்பையா போய்க் கட்டையை மாட்டிவிட்டு வருகிறார். சற்று நேரத்தில் உறுமல் மீண்டும் தொடங்குகிறது. கதிரேசன் கைபேசியை எடுத்துச் சுவரில் ஒட்டிப் பிடிக்கிறார்.)

கதிரேசன்: அத்தான், இந்தச் செயலி சுருதி காட்டும். ஃபிரிட்ஜ் பாடுவது 100 ஹெர்ட்ஸ் என்கிறது.

சுப்பையா: இதற்குச் செயலி எதற்கு? என்னைக் கேட்டால் சொல்லமாட்டேனா? மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு முறை இழுக்கும். ஆகவே உறுமல் நூறு.

கதிரேசன்: நான் ஆதாரமாகப் பிடிக்கிற ச 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழ்ப் பஞ்சமம் 98. இது 100. அதுதான் இவ்வளவு நாளும் காதை அறுத்திருக்கிறது! உறுமவில்லை அத்தான், எனக்குப் பஞ்சமம் போட்டிருக்கிறது. கொஞ்சம் ஏறிய பஞ்சமம். பஞ்சமம் அசையாத சுவரம், அதில் இப்படி ஏறலாமா? ஃபிரிட்ஜைத்தான் இறக்க வேண்டும்.

சுப்பையா: அதை மட்டும் இறக்க முடியாது. நாட்டையே இறக்க வேண்டும்.

கதிரேசன்: என்ன?

சுப்பையா: 2013 டிசம்பர் 31ஆம் தேதி இராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் மின்தடத்தில் தெற்கை வடக்கோடு கோத்துவிட்டார்கள். அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே தொகுப்பு, ஒரே சுற்று. 49.90க்குக் கீழே இறங்காமல், 50.05க்கு மேலே ஏறாமல் பிடித்து நிறுத்த, கட்டுப்பாட்டு அறைகளில் இரவும் பகலும் ஆட்கள் கண் விழித்திருக்கிறார்கள்.

கதிரேசன்: அப்படியானால் ஓசூர் வீட்டு ஃபிரிட்ஜும்?

சுப்பையா: அதே சுற்றுதான்.

கதிரேசன்: இவ்வளவு கவனமாகச் சுருதி பிடிக்கிற பாகவதரை நான் பார்த்ததே இல்லை! தம்பூராவில் முதல் தந்தி பஞ்சமம்தானே அத்தான்? அதை ஃபிரிட்ஜ் மீட்டட்டும். மிச்சத்தை நான் அதற்குச் சேர்த்துக்கொள்கிறேன். (சுருதிச் செயலியைத் திருகுகிறார்.) ச 131 இல்லை, 133. நாடே அந்த இடத்தில் நிற்கும்போது நான் மட்டும் எதற்குக் கீழே நிற்க வேண்டும்? இரைச்சலைக் கழிக்கப்போவதும் இல்லை.

(பாடுகிறார். சுப்பையாவுக்கே மயிர்க்கூச்செறிகிறது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முதல் சரணத்தில், பேத்தியின் பெயர் வரும் இடத்தில், ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. பஞ்சமம் இல்லாமல் கதிரேசன் நடுத்தெருவில் விட்டவர் மாதிரி விழிக்கிறார்.)

கதிரேசன்: பக்கவாத்தியம் எழுந்து போய்விட்டதே!

சுப்பையா: கவலைப்படாதீர். அதை ஓடவைக்க எனக்குத் தெரியும். கதவைத் திறந்து வைத்தால் உள்ளே சூடேறும். சூடேறினால் ஓடித்தான் ஆக வேண்டும்.

கதிரேசன்: அவள் வந்து பார்த்தால்?

சுப்பையா: பிளாஸ்திரியில் கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

(சமையலறையில் சுப்பையா, திறந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால், வலது கையில் கதவு, இடது கையில் சரிந்து வந்த புடலங்காய். சில நிமிடங்களில் உறுமல் கிளம்புகிறது. உள்ளறையில் கதிரேசன் கண்ணை மூடிப் பாடுகிறார். பல்லவி, அனுபல்லவி, பேத்தி, சம்பந்தி, மீண்டும் பல்லவி. கடைசி "வீசு" பஞ்சமத்தில் போய் நிற்கிறது. குரலும் ஃபிரிட்ஜும் ஒன்றாகி, எது எதுவென்று தெரியாமல் தேய்கின்றன. பிறகு இருவரும் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள்.)

சுப்பையா: நன்றாகவே வந்திருக்கிறது. என் மேல் குளிர்காற்று வீசிக்கொண்டே இருந்ததால் எனக்கு வரிக்கு வரி பொருளும் விளங்கியது. ஆனால் கடைசியில், நீர் முடிக்கும் இடத்தில், யாரோ ஒரு கிழவன் "மாப்பிள்ளை, கதவைச் சாத்தலாமா?" என்று கேட்கிறானே. யார் அது?

கதிரேசன்: யாராக இருக்கும்?

சுப்பையா: தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஒரு குரல். பக்கத்து வீட்டுக்காரரா?

கதிரேசன்: நீங்கள்தான் அத்தான்.

சுப்பையா: சேச்சே. மைக் கெட்டுப்போயிருக்கிறது.